பால் பாட்டிலும் உப்பு ஜாடியும்

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது நான்கு மாதம் ஆகிறது. அம்மா, அப்பா, தா, காக்கா, பூ என்று பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள்தான் பேசுகிறான். வேண்டியதை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுகிறான். எனக்குப் பால் போதாததால் மூன்றாம் மாதத்திலிருந்து பாட்டில் பால்தான். அந்த பாட்டில்கள் என் நாத்தனார் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் தன் மகளுக்கு வாங்கியவை. கண்ணாடி மாதிரி தெளிவாக, கெட்டியாக இருக்கும். தினமும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரில் போட்டு எடுத்துத்தான் கொடுத்தேன். அந்த மாதிரி பிளாஸ்டிக்கிலிருந்து ஹார்மோனைக் கெடுக்கும் ரசாயனம் வரும், குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்று போன மாதம் படித்தேன். அன்றிலிருந்து தூக்கமில்லை. வீட்டிலிருந்த பிளாஸ்டிக் டப்பா எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டேன். பாக்கெட் உப்பில்கூட கெமிக்கல் என்கிறார்களே என்று கல் உப்புக்கும் இந்துப்புக்கும் மாறிவிட்டோம். இப்போது நான் மறுபடியும் மூன்றரை மாதக் கர்ப்பம். என் மகன் பேசாததற்கு அந்த பாட்டில்தான் காரணமா? அவன் உடம்பிலிருந்து அதை எடுக்க முடியுமா? வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு என்ன செய்ய வேண்டும்? அதற்கு என் பால் கொடுக்கலாமா, தாய்ப்பாலிலும் ரசாயனம் இருக்குமாமே? கடைசியாக, அந்த பாட்டில்களை என்ன செய்வது, எரித்துவிடலாமா?

— ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம், ஆனால் முழுவதையும் இரண்டு முறை படித்தேன். நான்கு பக்கத்தில் மூன்றேகால் பக்கம் பாட்டில்தான். பையன் அரைப் பக்கம். உப்பு ஒரே ஒரு வரி. நான் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிப் பதில் சொல்லப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் பையன். இரண்டு வயதில் ஐம்பது வார்த்தையாவது இருக்க வேண்டும், 'அம்மா தா', 'காக்கா போச்சு' என்று இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும் என்பது நாங்கள் வைத்திருக்கும் பொதுவான அளவு. உங்கள் மகன் அதற்குப் பின்தங்கித்தான் இருக்கிறான். இப்படிப் பின்தங்கும் பிள்ளைகள் அபூர்வமும் இல்லை, பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அவர்களில் நிறையப் பேர் மூன்று, நான்கு வயதுக்குள் சேர்ந்துகொள்வார்கள். 'அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்' என்று உங்கள் மாமியார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் உண்மை இல்லாமலில்லை, குடும்பத்தில் ஓடுவது உண்டு. ஆனால் யார் தானாகச் சேர்ந்துகொள்வார்கள், யாருக்கு உதவி வேண்டும் என்று வீட்டிலிருந்து ஊகிக்க முடியாது. அதனால் காத்திருக்க வேண்டாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியது காது பரிசோதனை. 'கூப்பிட்டால் திரும்புகிறான், காது நன்றாகக் கேட்கிறது' என்று சொல்லாத அம்மாவை நான் பார்த்ததில்லை. காதுக்குள் நீர் கோத்திருக்கும் பிள்ளைகூடக் கூப்பிட்டால் திரும்பும். ஆனால் 'பல்'லுக்கும் 'பால்'லுக்கும் வித்தியாசம் அதற்குச் சரியாக விழாது. சத்தம் காதிலிருந்து மூளை வரை போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் சோதனை இருக்கிறது, பெரா டெஸ்ட் என்று கேட்டால் தெரியும். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ டி.இ.ஐ.சி. எங்கே என்று விசாரியுங்கள். பிறந்தது முதல் பதினெட்டு வயது வரை உள்ள பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்ப்பதற்கென்றே இருக்கிற பிரிவு அது. காசு கிடையாது.

அப்புறம், கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒன்று என்னை நிறுத்தியது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுகிறான் என்கிறீர்கள். எப்படிக் காட்டுகிறான்? ஆட்காட்டி விரலை நீட்டி, பிறகு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்து, 'பார்த்தாயா?' என்கிற மாதிரி கேட்கிறானா? அல்லது உங்கள் கையை எடுத்து அலமாரியின் மேல் வைத்துவிட்டு, முகத்தையே பார்க்காமல் நிற்கிறானா? வேண்டியதற்கு மட்டுமா, வானத்தில் போகிற ஹெலிகாப்டரையும் காட்டுகிறானா? முதல் வகையானால் மனசு நிம்மதியாக இருக்கலாம். இரண்டாவதானால் ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்கும் இருபது கேள்விகள் கொண்ட ஒரு எளிய பரிசோதனை உண்டு. முப்பது மாதத்துக்குள் செய்வதற்கென்று வகுத்தது அது. உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இந்தக் கேள்வியோடு டாக்டரிடம் போங்கள், பாட்டிலோடு போகாதீர்கள். பாட்டில் காரணமோ இல்லையோ, செய்யப் போவதில் மாற்றமில்லை: காதில் குறை இருந்தால் அதைச் சரிசெய்வது, கூடவே பேச்சுப் பயிற்சி. எதனால் வந்தது என்று கண்டுபிடிக்கும் வரை அது காத்திருக்காது.

சரி, பாட்டில்.

'ஒன்றும் ஆகாது, கவலைப்படாதே' என்று சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை, ஏனென்றால் அது முழு உண்மையில்லை. நீங்கள் வர்ணிக்கிற பாட்டில் பாலிகார்பனேட்டாகத்தான் இருக்க வேண்டும். அடியில் முக்கோணத்துக்குள் 7 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அதைச் செய்வதற்கு பிபிஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பிஸ்ஃபீனால்-ஏ வேண்டும். பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் உட்கார வேண்டிய இடத்தில், அரைகுறையாக, இது போய் உட்கார்ந்துகொள்ளும். புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 1930-களிலேயே அதன் ஈஸ்ட்ரோஜன் குணம் தெரியும், பிளாஸ்டிக் செய்ய ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2011-ல் பால் பாட்டிலில் இதைத் தடை செய்தது, அமெரிக்கா 2012-ல். நம் நாட்டுத் தர நிர்ணயத்தில் 2015-ல்தான் வந்தது. உங்கள் நாத்தனார் வாங்கியது அதற்கு முந்திய சரக்கு. நீங்கள் சுத்தத்துக்காகக் கொதிக்க வைத்தீர்கள். கொதிநீர் பட்டால் பாலிகார்பனேட்டிலிருந்து பிபிஏ 15 முதல் 55 மடங்கு வேகமாக வெளியேறும் என்று சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 2008-ல் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆக, உங்கள் மகனுக்கு பிபிஏ கொஞ்சம் போயிருக்கிறது. அதை மறுக்க வேண்டாம்.

ஆனால் 'போயிருக்கிறது' என்பதற்கும் 'அதனால்தான் பேசவில்லை' என்பதற்கும் நடுவில் ஒரு பெரிய ஆறு ஓடுகிறது. அதன் மேல் இதுவரை யாரும் பாலம் கட்டவில்லை.

அதே சின்சினாட்டியில், கர்ப்பிணிகளின் சிறுநீரில் பிபிஏ அளந்துவிட்டு, அவர்களுக்குப் பிறந்த 244 பிள்ளைகளை மூன்று வயதில் பார்த்தார்கள். 2011-ல் வெளிவந்த ஆய்வு. கர்ப்பத்தின்போது அம்மாவிடம் பிபிஏ அதிகமிருந்தால் பிள்ளைகளிடம், அதிலும் பெண் பிள்ளைகளிடம், பதற்றமும் அடங்காத்தனமும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தன. பிறந்த பிறகு பிள்ளையிடம் இருந்த பிபிஏ அளவுக்கும் நடத்தைக்கும் அப்படித் தொடர்பு தெரியவில்லை. மறு வருடம் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு இதே மாதிரி பார்த்தபோது, ஆண் பிள்ளைகளிடம்தான் பாதிப்பு தெரிந்தது. ஓர் ஊரில் பெண், இன்னோர் ஊரில் ஆண். இதை வைத்து ஈரோட்டில் ஒரு பையன் ஏன் பேசவில்லை என்று நான் தீர்ப்பெழுதினால் அது வைத்தியம் ஆகாது, ஜோசியம்தான். இரண்டு ஆய்வும் ஒத்துப்போவது ஓரிடத்தில்: கர்ப்ப காலம். உங்கள் மகன் அந்த பாட்டிலைத் தொட்டதே பிறந்து மூன்றாம் மாதத்தில்.

பேச்சு என்றே எடுத்துக்கொண்டால், பிபிஏவைவிடத் தாலேட் என்ற குடும்பத்தைப் பற்றித்தான் நேரடியான சான்று இருக்கிறது. பிளாஸ்டிக்கை வளையும்படி மென்மையாக்கவும், வாசனைப் பொருள்களிலும் சேர்ப்பது. ஸ்வீடனில் கர்ப்பிணிகளிடம் இதை அளந்து, பிள்ளைகள் இரண்டரை வயதானதும் ஐம்பது வார்த்தை பேசுகிறார்களா என்று கேட்டார்கள். உங்கள் கேள்வியேதான். சில தாலேட்டுகளின் அளவு இரட்டிப்பானால் பேச்சுத் தாமதத்துக்கான வாய்ப்பு 25 முதல் 40 சதவீதம் வரை கூடியது என்று 2018-ல் எழுதினார்கள். பயப்படுமுன் இதையும் சேர்த்துப் படியுங்கள்: அங்கே தாமதமாகப் பேசிய பிள்ளைகள் மொத்தத்தில் ஏறக்குறைய பத்துக்கு ஒருவர். அந்தப் பத்து சதவீதம் பன்னிரண்டாகவோ பதினான்காகவோ ஆகிறது என்பதுதான் 25, 40 என்ற எண்களின் அர்த்தம். ஒரு நாடு தன் சட்டத்தைத் திருத்த அது போதுமான காரணம். ஒரு தாய் தன்னைக் குற்றவாளியாக்கிக்கொள்ளப் போதாது.

ரசாயனம் மூளையைத் தொடுவதே கிடையாது என்று சொல்கிறவர்களையும் நான் நம்புவதில்லை. தைவானில் நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். 1979. தீவின் நடுப்பகுதியில் ஓர் ஆலையில் தவிட்டெண்ணெயைச் சூடாக்குவதற்கு ஒரு குழாய் ஓடியது, குழாய்க்குள் பிசிபி என்ற திரவம். குழாயில் கசிவு. எண்ணெயில் கலந்தது. ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் அந்த எண்ணெயில் சமைத்துச் சாப்பிட்டார்கள். கண் தெரியாத பிள்ளைகள் படிக்கும் ஓர் உறைவிடப் பள்ளியும் அதில் அடக்கம். முகமெல்லாம் கரும்பருக்கள், நகம் கறுத்தது. ஊரார் அதற்கு எண்ணெய் நோய் என்றே பேர் வைத்தார்கள், யூ-செங். பாதிக்கப்பட்ட பெண்களுக்கு அதன்பின் பிறந்த பிள்ளைகள் அந்த எண்ணெயை நாக்கில் வைத்ததேயில்லை. ஆனாலும் அவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைவிடச் சராசரியாக ஐந்து புள்ளி குறைவாக இருந்தது. எண்ணெய் சாப்பிட்டு ஐந்தாறு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளைக்கும் அதே குறை. பிசிபி கொழுப்பில் தங்கிவிடும், பல வருடம் போகாது. அம்மாவின் உடம்பு ஒரு கிடங்கு மாதிரி அதைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தது.

இங்கேதான் உங்கள் பாட்டில் விஷயம் வேறுபடுகிறது. பிபிஏவும் தாலேட்டும் கிடங்கில் தங்குகிறவை அல்ல. கல்லீரல் உடைத்து, ஓரிரு நாளில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். உங்கள் மகன் அந்த பாட்டிலில் கடைசியாகக் குடித்தது எப்போதோ. அவன் உடம்பிலிருந்து எடுப்பதற்கு இப்போது ஒன்றுமில்லை. நச்சு நீக்கும் சாறு, தலைமுடியை வெட்டி அனுப்பும் டெஸ்ட், ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு நாற்பது ரசாயனத்தின் பட்டியல் நீட்டும் ரிப்போர்ட், எதற்கும் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். இன்று சிறுநீரில் பிபிஏ பார்த்தால் நேற்று என்ன சாப்பிட்டான் என்றுதான் தெரியும். பார்த்தால் பயன் உண்டு என்று நான் எழுதிக் கொடுக்கும் ரத்தப் பரிசோதனை ஒன்றுதான், ஈயம். அது ஹார்மோன் கதையல்ல, நேராகவே மூளையைத் தாக்குவது. பக்கத்தில் பழைய பேட்டரி உருக்குகிறார்கள், வீட்டில் பழைய பெயின்ட் உரிந்து பையன் அதை வாயில் வைக்கிறான் என்றால் மட்டும் சொல்லுங்கள், பார்த்துவிடலாம்.

இனி உப்பு. கடிதத்தில் ஒரு வரி என்றேனே, அது.

மூளையைக் கட்டுவதில் முதல் மேஸ்திரி ஈஸ்ட்ரோஜன் அல்ல, தைராய்டு ஹார்மோன். ஒரு நரம்பணு பிறந்த இடத்திலிருந்து கிளம்பி, மூளையின் எந்த அடுக்கில் போய் உட்கார வேண்டுமோ அங்கே போவதற்கும், நரம்பைச் சுற்றிக் கொழுப்புறை படிவதற்கும் அது வேண்டும். வேண்டிய நேரத்தில் வேண்டும். கான்கிரீட் போடுகிற அன்று கம்பி இல்லையென்றால் மறுவாரம் கொண்டுவந்து இறக்கிப் பயனில்லை, அப்படி. பன்னிரண்டு வாரம் வரை வயிற்றிலிருக்கும் குழந்தைக்குச் சொந்தமாகத் தைராய்டு ஹார்மோன் சுரக்காது. அதற்கப்புறம் மெல்ல ஆரம்பித்து, பதினெட்டு இருபது வாரம் ஆகும்போதுதான் சொல்லிக்கொள்ளும்படி சுரக்கும். அதுவரை அம்மாவிடமிருந்து கடன். நீங்கள் இப்போது மூன்றரை மாதம். கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்த ஹார்மோனைச் செய்ய அயோடின் வேண்டும். அது நமக்கு முக்கியமாக எங்கிருந்து வருகிறது? நீங்கள் 'கெமிக்கல்' என்று நிறுத்திய பாக்கெட் உப்பிலிருந்து.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு மறுபடியும் தூக்கம் போகக் கூடாது. தவறு உங்களுடையது மட்டுமில்லை. 2018-19-ல் நாடு முழுக்க வீடு வீடாக உப்பைச் சோதித்தபோது, போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்தியாவில் 76 சதவீதம், தமிழ்நாட்டில் 62 சதவீதம்தான். மாநிலங்களிலேயே நாம்தான் கடைசி. தூத்துக்குடியை வைத்துக்கொண்டு நாட்டுக்கே உப்பு அனுப்புகிற மாநிலம்! கல் உப்பு ஜாடிதான் காரணம். குழம்புக்கும் ஊறுகாய்க்கும் கல் உப்பு போட்டால்தான் ருசி என்பது நம் கை பழகிய பழக்கம், என் வீட்டிலும் இருந்தது. இந்துப்பு இப்போது வந்த மோகம். ரோஜா நிறத்தில் அழகாக இருக்கிறது, தாது உப்புகள் நிறைந்தது என்று விலையும் பல மடங்கு. அதில் அயோடின் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

1999-ல் அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் ஓர் ஆய்வு. கர்ப்பத்தில் தைராய்டு குறைந்திருந்தும் அது தெரியாமல், மாத்திரை போடாமல் இருந்த 48 பெண்களின் பிள்ளைகளை ஏழு முதல் ஒன்பது வயதில் பரிசோதித்தார்கள். மற்றப் பிள்ளைகளைவிடச் சராசரியாக ஏழு புள்ளி குறைவு. தைவானில் விஷ எண்ணெய் சாப்பிட்டவர்களின் பிள்ளைகளுக்கு ஐந்து புள்ளி என்றேன், நினைவிருக்கிறதா? இவர்கள் எந்த விஷமும் சாப்பிடவில்லை.

இரண்டும் தனித்தனிக் கதையும் அல்ல. பிசிபியின் சில வடிவங்களும், சோபா மெத்தையில் தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்துவந்த புரோமின் ரசாயனங்களும் தைராய்டு ஹார்மோனுக்குச் சித்தி மக்கள் மாதிரி. ஹார்மோனில் அயோடின் ஒட்டியிருக்கிற இடத்தில் இவற்றில் குளோரினும் புரோமினும் ஒட்டியிருக்கும். ரத்தத்தில் ஹார்மோனைச் சுமந்து செல்லும் வண்டியில் இவை ஏறி இடம்பிடித்துக்கொள்ளும். பட்டாசிலும் ராக்கெட்டிலும் போடுகிற பெர்குளோரேட்டும், சிகரெட் புகையிலிருந்து உடம்பில் உண்டாகும் தயோசயனேட்டும் வேறு வழி. தைராய்டுச் சுரப்பிக்குள் அயோடின் நுழையும் வாசலிலேயே மறித்து நிற்கும். வாசலில் எத்தனை பேர் மறித்தாலும், வெளியே அயோடின் நிறைய நின்றால் சிலது தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடும். இரண்டே இரண்டுதான் நிற்கிறது என்றால்? ஹார்மோனைக் கெடுக்கும் ரசாயனத்துக்குப் பயந்து நீங்கள் தூக்கிப் போட்டது, அதே ரசாயனத்துக்கு எதிரான காவலை.

ஆகவே இன்று சாயந்திரமே அயோடின் உப்புப் பாக்கெட் வாங்குங்கள். கல் உப்புதான் வேண்டும் என்று மாமியார் பிடிவாதம் பிடித்தால், அயோடின் சேர்த்த கல் உப்பும் கிடைக்கிறது. சிரிக்கும் சூரியன் முத்திரை இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். அடுப்புப் பக்கத்தில் திறந்த ஜாடியில் வைக்காமல் மூடி வையுங்கள், குழம்பை இறக்கும்போது போடுங்கள், அயோடின் ஆவியில் போகாது. உப்பைக் கூட்ட வேண்டாம், மாற்றினால் போதும். மீன், முட்டை, பால் சாப்பிடுவீர்கள் என்றால் அதிலும் கொஞ்சம் கிடைக்கும். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனக் கணக்கு. உப்பு மட்டும் போதுமா, மாத்திரையும் வேண்டுமா என்பதை உங்கள் பிரசவ டாக்டர் முடிவு செய்யட்டும். கணவர் சிகரெட் பிடிப்பவரானால் அவரிடமும் இந்தப் பத்தியைப் படிக்கக் கொடுங்கள்.

அடுத்து, டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை. தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டும் ஹார்மோன் அது, தைராய்டு குறைந்தால் இது கூடும். முதல் மூன்று மாதத்தில் எடுத்திருந்தால் அந்தச் சீட்டைத் தேடி எடுங்கள், இல்லையென்றால் நாளைக்கே எடுங்கள். அளவு கொஞ்சம் கூடியிருந்தால் கலங்க வேண்டாம். லேசான ஏற்ற இறக்கத்துக்கு மாத்திரை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மூன்று வயதில் பிள்ளைகளின் அறிவுத்திறனில் வித்தியாசம் தெரியவில்லை என்று 2012-ல் பிரிட்டனிலும் இத்தாலியிலும் நடந்த பெரிய ஆய்வு சொன்னது. நிஜமாகவே தைராய்டு குறைந்தவர்களுக்குத்தான் மாத்திரை உயிர்நாடி. அப்படி எழுதிக் கொடுத்தால், காலையில் வெறும் வயிற்றில் போடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் அதனோடு சேர்த்து விழுங்காதீர்கள், நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். மூன்றையும் மொத்தமாக ஒரே வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு, 'மாத்திரை போட்டும் டி.எஸ்.எச். குறையவே மாட்டேங்குது' என்று வருகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். குழந்தை பிறந்ததும் குதிகாலில் சொட்டு ரத்தம் எடுத்துத் தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். மூத்தவனுக்குப் பார்க்கவில்லை என்றால் காது பரிசோதனையோடு அவனுக்கும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் டப்பாவை எல்லாம் வெளியே போட்டுவிட்டேன் என்கிறீர்கள். பருப்பும் மிளகாயும் போட்டு வைத்த டப்பா என்ன பாவம் செய்தது? காய்ந்த பொருளுக்குள் பெரிதாக எதுவும் இறங்காது. சூடு, எண்ணெய், புளிப்பு, இந்த மூன்றும் பிளாஸ்டிக்கைத் தொடுகிற இடத்தைத்தான் பார்க்க வேண்டும். ஹோட்டலில் பார்சல் வாங்கினால் கொதிக்கிற சாம்பாரைக் கவரில் ஊற்றி, மேலே காற்றடைத்து, ரப்பர் பேண்ட் சுற்றிக் கொடுப்பார்கள், பலூன் மாதிரி. வீட்டுக்கு வந்து தொட்டால் கவர் குழைந்து கையில் ஒட்டும். உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், கவர் எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை. தெருமுனைக் கடை வரைக்கும் அந்தத் தடை நடந்து வரவில்லை போலும். தூக்குவாளி எடுத்துக்கொண்டு போங்கள். பாலையும் சாதத்தையும் பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைத்து மைக்ரோவேவில் சுட வைக்காதீர்கள். 'பிபிஏ இல்லாதது' என்று போட்ட தண்ணீர் பாட்டிலையும் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டாம், பல இடங்களில் அதற்குப் பதில் பிஸ்ஃபீனால்-எஸ் என்ற அதன் தம்பியைப் போட்டார்கள், குணமும் அண்ணனை ஒட்டித்தான். குழந்தைக்கு வாசனை பவுடர் வேண்டாம்.

இதனால் பலன் உண்டா? உண்டு, அதுவும் சீக்கிரம். சான்பிரான்சிஸ்கோ பக்கத்தில் ஐந்து குடும்பங்களுக்கு மூன்று நாள் புதிதாகச் சமைத்த, டின்னோ பிளாஸ்டிக்கோ தொடாத சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். 2011-ல் வெளிவந்தது. சிறுநீரில் பிபிஏ சராசரியாக 66 சதவீதம் இறங்கியது, முக்கியமான ஒரு தாலேட் பாதிக்கு மேல் இறங்கியது. மூன்றே நாளில். அந்தச் சாப்பாடு ஒன்றும் விசேஷமில்லை, நம் பாட்டி வீட்டில் தினமும் நடந்ததுதான். எவர்சில்வர் பாத்திரம், வாழை இலை, அன்றன்றைக்கு ஆக்கியது.

ஐரோப்பாவில் நிபுணர்களுக்குள்ளேயே சண்டை இன்னும் முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் எவ்வளவு பிபிஏ போனால் பரவாயில்லை என்ற அளவை அவர்களின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் ஒரேயடியாக இருபதாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. அதுவும் மூளையை வைத்து அல்ல, நோய் எதிர்ப்பு சக்தியை வைத்து. ஜெர்மனியின் நிறுவனமே அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் பேசி முடிக்கட்டும், நாம் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

தாய்ப்பால் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். கொடுங்கள், தயங்காமல். அமெரிக்காவில் 212 பிள்ளைகளைப் பதினோரு வயதில் பார்த்தார்கள், பெரும்பாலும் மிச்சிகன் ஏரி மீனைச் சாப்பிட்ட பெண்களின் பிள்ளைகள். அந்த ஏரி மீனில் பிசிபி அதிகம். வயிற்றில் இருக்கும்போது அதிகம் வாங்கிய பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் ஆறு புள்ளி போலக் குறைவு, வாசிப்பிலும் பின்தங்கல். இத்தனைக்கும் தொப்புள்கொடி வழியே போனதைவிடப் பால் வழியே போன பிசிபிதான் பல மடங்கு அதிகம். ஆனால் பாலில் போனதற்கும் அறிவுத்திறனுக்கும் தொடர்பே தெரியவில்லை. தொட்ட நேரம்தான் கணக்கு, அளவு அடுத்தது. போன முறை பால் போதவில்லை என்றீர்கள். நிஜமாகவே போதவில்லையா, போதவில்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்களா? ஏழாம் மாதத்தில் ஒரு தடவை இதற்காகவே பிரசவ டாக்டரிடமோ நர்ஸிடமோ உட்கார்ந்து பேசுங்கள். அப்படியும் கூடுதல் பால் வேண்டியிருந்தால் பால் புகட்டும் பாலாடைச் சங்கு இருக்கிறது. எவர்சில்வரில் கிடைக்கும், அடியில் 7 தேட வேண்டியதில்லை. மூத்தவன் இன்னும் பாட்டிலில் குடிக்கிறான் என்றால் பல்லுக்காகவாவது டம்ளருக்கு மாற்றிவிடுங்கள்.

பையனிடம் பேசிக்கொண்டே இருங்கள். போனை எடுத்து உள்ளே வையுங்கள். அவன் 'காக்கா' என்றால் 'ஆமாம், கறுப்புக் காக்கா, காக்கா பறந்துபோச்சு' என்று இரண்டு சொல் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். தூக்கமில்லாமல் ராத்திரியில் படித்துக்கொண்டிருந்த நேரத்துக்கு இது பரவாயில்லை.

அந்த பாட்டில்களை எரிக்காதீர்கள். எந்தப் பிளாஸ்டிக்கையும் வாசலில் எரிக்க வேண்டாம், அந்தப் புகையில் வருவது பாட்டிலுக்குள் இருந்ததைவிட மோசம். ரப்பரைக் கழற்றிவிட்டால் பென்சில், பேனா போட்டு வைக்க நன்றாக இருக்கும். என் மேஜையில் அப்படி ஒன்று நிற்கிறது, எங்கள் வீட்டு மூத்தவள் குடித்தது. அடியில் 7 என்றுதான் போட்டிருக்கிறது.